அஞ்சாம் வகுப்பையே குடுங்க

"வர்ற வருஷம் மூணாம் வகுப்ப எடுத்துக்கோங்க மேடம். சின்னஞ்சிறுசுங்க. மூக்கச் சிந்திவிட்டு ரெண்டு பாட்டு சொல்லிக் குடுத்தா பொழுது போயிடும்."

"அஞ்சாம் வகுப்பையே குடுங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். அஞ்சையே குடுங்க."

டிசம்பர் விடுமுறையில், தலைமையாசிரியர் சிம்பாயாவின் வீட்டு மாமரத்தடியில் நடந்த பேச்சு அது. கையில் இருந்த மாம்பழத்தைத் தின்னாமல் உருட்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார் அவர்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முதல் நாள் வாசலில் நின்று பார்ப்பார். பிள்ளைகளுக்கு எதிரில் அவள் கண் கலங்கினால், அன்றைக்கே மூன்றாம் வகுப்பு.

"அதுங்க எல்லாம் உங்க பொண்ணோட ஓடி விளையாண்டதுங்க. இப்பத்தான் கொஞ்சம் தேறி வருதுங்க, பாருங்க."

அஸ்த்ரிதா சரியென்று தலையாட்டினாள்.

ஒரே மகள் கசூபா, போன ஏப்ரலில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்திருந்தால் இன்று ஐந்தாம் வகுப்பு.

ஜனவரித் திங்கட்கிழமை. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாளில் பாடம் கிடையாது. விடுமுறையில் இடுப்பளவு வளர்ந்துவிட்ட புல்லை வெட்ட வேண்டும், தரைக்குச் சிவப்பு மெழுகு தேய்க்க வேண்டும். பிள்ளைகள் மண்வெட்டியும் சாக்குத் துண்டுமாக வந்திருந்தார்கள். மழையில் புல் தப்பித்தது.

அவள் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படித்தாள். "உள்ளேன் மேடம்", "உள்ளேன் மேடம்" என்று ஒவ்வொரு குரலாக வந்தது.

கபம்ப்வேக்கும் கத்தோங்கோவுக்கும் நடுவே ஒரு பெயர் இல்லை. யாரோ அக்கறையோடு, வரிசை எண் இடறாதபடி, எல்லாவற்றையும் புதிதாக எழுதியிருந்தார்கள்.

அவள் குரலும் இடறவில்லை.

வாசலில் சிம்பாயா குடையை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். போகவில்லை.

பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முழங்காலில் அமர்ந்து தரையைத் தேய்க்கத் தொடங்கினார்கள்.

"டேய் சாம்பா, தரையத் தேய்க்கச் சொன்னா உன் டவுசரத் தேய்க்கிற!"

மும்பியின் குரல். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. முதல் வகுப்பிலிருந்தே கசூபாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று, அவளை அனுப்பச் சொல்லித் தெருவே எழும்படிக் கத்தியவள்.

ஏப்ரலுக்குப் பிறகு அந்த வேலிப் பக்கம் அவள் வரவில்லை.

கசூபா பிறந்த நாளோடு அஸ்த்ரிதா என்ற பெயரை ஊர் மறந்துபோயிருந்தது. சந்தையில், கோயிலில், குழாயடியில், எங்கும் அவள் 'பானா கசூபா'தான். கசூபாவின் அம்மா.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், கருவாட்டுக்காரி அவளை 'மேடம்' என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பிறகு எல்லோரும். கணவன் லெவிகூட இப்போது 'இந்தா' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான்.

நோகடிக்க யாரும் அப்படிச் செய்யவில்லை. நொந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தார்கள். கெட்டுப்போன கருவாடு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பழையபடியே கூப்பிடுங்கள் என்று கேட்க, ஒன்பது மாதமாக அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் கரும்பலகையின் பக்கம் திரும்பி, மூலையில் தேதியை எழுதினாள். சுண்ணக்கட்டி ஈரத்தில் வழுக்கியது. முதுகுக்குப் பின்னால் சாக்குகள் தரையில் தேயும் சத்தம், மழைச் சத்தத்தோடு கலந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கூரையின் பழைய ஓட்டை அப்போதுதான் ஒழுகத் தொடங்கியது. சரியாக மேசைக்கு மேலே.

"ஐயோ, புத்தகம் நனையுது! பானா கசூ..."

சாக்குகள் நின்றன.

மும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். கையெல்லாம் மெழுகு. கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"போச்சு," என்று சாம்பா கிசுகிசுத்தான். "அதச் சொல்லக் கூடாதுன்னு வீட்ல எத்தன தடவ சொன்னாங்க."

பதிவேட்டில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பெயர்கள் ஒன்றோடொன்று கரைந்தன. எடுத்து வைக்க ஒருவரும் அசையவில்லை.

அஸ்த்ரிதா திரும்பினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. அதை வாசலில் இருந்தவர் பார்த்துவிட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"மேடம்," என்றபடி சிம்பாயா உள்ளே வந்தார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "நீங்க கொஞ்சம் வெளிய வாங்க. நான் பாத்துக்குறேன்."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். பாதி தேய்த்த மெழுகில் செருப்பின் தடம் வரிசையாக விழுந்தது. மும்பியின் எதிரில், புதுப் பாவாடையோடு அந்தச் சிவப்புத் தரையிலேயே மண்டியிட்டாள்.

அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, சிறுமி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த மெழுகுக் கையை வாயிலிருந்து மெல்ல விலக்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள் அஸ்த்ரிதா.

"முழுசாக் கூப்பிடேன், மும்பி."