முதுகில் தட்டிவிட்டுப் போகிறவர்கள்

தங்கையைச் சக்கர நாற்காலியிலிருந்து ஜூடோ மெத்தையில் இறக்கிவிட்டதும் கிளம்பிவிடுகிற அக்கா, இன்றுதான் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருகிறவள் எல்லாம் தங்கையோடு கட்டிப் புரளுகிறாள். கொஞ்ச நேரத்தில் தங்கையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். மூன்றாவதாக வந்தவளும் தட்டியதும், அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“கிளம்புடி வீட்டுக்கு! நடக்க முடியாத பொண்ணுன்னு பாவப்பட்டுத் தட்டிட்டுப் போறாளுங்க. நீயும் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கே!”

மூன்றாமவளையும் அவள் விடவில்லை. “இனிமே எவளும் இவ முதுகுல தட்டக் கூடாது, சொல்லிட்டேன்!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா!” சிவந்துபோன கழுத்தைத் தடவிக்கொண்டே பதறினாள் அவள். “தட்டினாத்தான் உங்க தங்கச்சி கழுத்துப் பிடியை விடுவா. இங்க தட்டினா, ‘தோத்துட்டேன், விட்டுடு தாயே’ன்னு அர்த்தம்.”

அக்கா தங்கையைப் பார்த்தாள். அதே சிரிப்பு.

பையை மறுபடி கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் அக்கா.

“மெதுவாவே வாடி. வீட்டுல எனக்கொண்ணும் வேலை இல்லை.”