ஏழிலிருந்து இறங்க மாட்டேன்

"ஏம்மா, இது கார்ட்டூன் படமா, இல்லை காதுல ரகசியம் சொல்ற படமா?"

இடைவேளை விளக்கு எரிந்ததுமே மேலாளர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார் குட்டு சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நாடகம், கார்ட்டூன், தியேட்டர் என்று பத்திரிகையில் எதைப் பற்றி எழுதினாலும், கடைசி வரியில் 'குட்டு' என்று போட்டு ஒரு குறையை நறுக்கென்று சொல்லுவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. போன வாரம் ஒரு நாடகத்துக்கு, 'ராஜா செத்த பிறகும் மூச்சு வாங்குகிறார்' என்று குட்டினார். ராஜா வேஷம் போட்டவர் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மேலாளர் அம்மா பதறி எழுந்தார்.

"உக்காருங்க சார்..."

"உக்காந்து உக்காந்துதான் காது அடைச்சுப்போச்சு. ஒலி எத்தனையில வச்சிருக்கீங்க?"

"நாலுல சார்."

"நாலா! ஏழுதானே சரியான அளவு? படம் எடுத்தவன் ஏழுல கேட்டுத்தானே சரின்னு அனுப்பியிருக்கான்?"

"இந்த மதியக் காட்சிக்கு மட்டும்தான் சார். மத்த காட்சியெல்லாம் ஏழுதான்."

"மதியம் வர்றவன் என்ன பாதி டிக்கெட்டா வாங்குறான்?"

"நாலரை வைக்கிறேன் சார்."

"ஏழு."

"அஞ்சு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"என்கிட்டயே பேரமா? சந்தையில மூட்டை தூக்கிக்கிட்டே பேரம் கத்துக்கிட்டவன் நான். அந்தக் காசுல டிக்கெட் வாங்கி, படம் பாத்து, எழுதப் பழகினவன். இன்னிக்கும் ஓசி டிக்கெட்டைத் தொடறதில்லை. ஏழுலேருந்து இறங்க மாட்டேன். வைக்கிறீங்களா, குட்டவா?"

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இவர் குட்டினால், படம் கொடுக்கும் கம்பெனிக்காரர் மறுநாளே போனில் கத்துவார். அடுத்த படம் எதிர்த்தெரு தியேட்டருக்குப் போய்விடும்.

"ஒரு காரணம் இருக்கு சார்."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப ஏழு வைங்க."

சுவரோரம் இருந்த ஒலிப்பெட்டியின் குமிழைப் பிடித்து, மனசில்லாமல் ஏழுக்குத் திருப்பினார் அந்த அம்மா.

குட்டு சார் ஜெயித்த மிடுக்கோடு இருக்கைக்குத் திரும்பினார். அவருக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. முதல் பாதி முழுக்கப் பின்வரிசையில் யாரோ தொணதொணவென்று பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை திரும்பி முறைத்தும் பிரயோசனமில்லை. இந்த ஒலியில் அந்த வாய் தானாக அடங்கும்.

அடங்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டது.

"நரி பாலத்துல ஏறிடுச்சு. பாலம் ஆடுது. இரு, இரு, பின்னாலேயே புதுசா இன்னொரு நரி வருது."

"அது என்ன நிறம்?" ஒரு பெண் குரல்.

"நீ எனக்கு ஒரு சட்டை வாங்கிட்டு வந்தியே, செத்தாலும் போடமாட்டேன்னு சொன்னேனே, அந்த நிறம்."

"ஐயோ பாவம், நரி!"

நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று குட்டு சார் திரும்பினார்.

திரை வெளிச்சத்தில் வயதான தம்பதி தெரிந்தார்கள். கணவரின் வாய் மனைவியின் காதோரம் இருந்தது. மனைவி திரையைப் பார்க்கவே இல்லை. முகம் கணவர் பக்கம் சாய்ந்திருந்தது. மடியில் மடக்கி வைத்த வெள்ளைக் கோல்.

திரையில் பாலம் அறுந்தது. மேளமும் ஊதுகுழலும் சேர்ந்து இடித்தன. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

"எதுக்குங்க எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"அந்த நரி வந்து, வாலை..."

"கேக்கலைங்க."

"வாலைப் பிடிச்சு..."

"கேக்கலையே!"

"விடு, வீட்டுக்குப் போய் விலாவாரியாச் சொல்றேன்."

"வீட்டுல சிரிச்சா, கூடச் சேர்ந்து சிரிக்க யாரு இருக்கா?"

குட்டு சார் எழுந்தார். நாலைந்து பேர் காலை மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, மேலாளர் அறைக்கு ஓடினார்.

"ஏழுலதான் சார் இருக்கு!" மேலாளர் அம்மா அழாத குறை. "வேணும்னா நீங்களே பாருங்க!"

"நாலு வைங்க."

"சார்?"

"வேண்டாம், மூணரை. சீக்கிரம் திருப்புங்கம்மா, அடுத்த சிரிப்பு வந்துடப்போகுது!"

திருப்பினார்.

"அந்தப் பின்வரிசைத் தம்பதிக்காகன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அந்தப் பெரியவர்தான் சார் வேண்டாம்னாரு. தனக்காக மத்தவங்க விட்டுக்குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா, அந்த அம்மா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்களாம்."

"அதுக்கு ஏன் கார்ட்டூன்? வசனம் நிறைய உள்ள படமாப் பாக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'அதெல்லாம் அவளுக்கே புரிஞ்சுடும்மா, எனக்கு அங்க என்ன வேலை?'ன்னாரு."

குட்டு சார் கதவைத் திறந்து இருட்டில் பின்வரிசையை எட்டிப் பார்த்தார். அப்புறம் உறுமினார்.

"மூணு வைங்க."

"மூணுன்னா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க சார்."

"வந்தா என்கிட்ட அனுப்புங்க."

"மூணரை சார். அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது."

முதல் தடவையாக ஒரு பேரத்தில் தோற்றுவிட்டு, குட்டு சார் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. நரிக்கு நல்ல மார்க். ஓவியத்துக்கு ஒரு சபாஷ். கம்பெனிக்காரர் எப்போதும் முதலில் படிக்கிற கடைசி வரி இப்படி இருந்தது:

'குட்டு: மதியக் காட்சியில் ஒலி காதைப் பிளக்கிறது. ஏழெல்லாம் அநியாயம். மூன்றரைக்கு இறக்காவிட்டால் அடுத்த வாரமும் குட்டுவேன்.'