கிளிக்குக் கொத்து, நாய்க்குத் துண்டு

அஞ்சுகம் என்ற கிளி கூண்டில் இருந்தது. கூண்டுக்குக் கீழே செவலை என்ற நாய் படுத்திருக்கும். வீட்டுக்காரர் கிளிக்குத் திராட்சையைக் கொத்தாகத் தொங்கவிடுவார். செவலைக்கு மட்டும் ஆப்பிளை விதை நீக்கி, பப்பாளியைத் தோல் சீவி, சின்னச் சின்னத் துண்டாகப் போடுவார்.

"உனக்கு அள்ளிக் கொடுக்கிறார், எனக்குக் கிள்ளிக் கொடுக்கிறார். வாசலைக் காப்பது நானா, நீயா?" என்று செவலை பொருமியது.

"அடப் பாவமே! ஒன்று தின்றுதான் பாரேன்" என்று அஞ்சுகம் ஒரு திராட்சையைத் தட்டிவிட்டது.

செவலை அதைக் கவ்வியதுதான் தாமதம், வீட்டுக்காரர் ஓடிவந்து அதன் வாய்க்குள் விரலை விட்டார். "திராட்சை நாய்க்கு விஷம்டா, விஷம்!" என்று கத்தினார். செவலை பதறிப்போய்ப் பல்லை இறுக்கியது. விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பழத்தைப் பிடுங்கிய பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

"விஷம்டா, விஷம்!" என்றது அஞ்சுகம்.

"அப்படியென்றால் என்ன?"

"யாருக்குத் தெரியும்? எனக்குச் சொல்லத்தான் வரும்."

இனி இந்த வீட்டில் இடமில்லை என்று செவலை மூலையில் ஒடுங்கியது. வீட்டுக்காரரோ விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அதன் எதிரே உட்கார்ந்தார். தர்பூசணித் துண்டிலிருந்து விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு அதை நீட்டினார்.

கடிபட்டவர் எதற்காக விதை பொறுக்குகிறார்? செவலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல வந்து துணி சுற்றிய விரலை நக்கியது.

"பழம் அந்தக் கையில் இல்லை, முட்டாளே!" என்று அஞ்சுகம் கத்தியது.

"அது தெரியும்" என்றது செவலை.