கொலம்பஸ் பரீட்சை

“பைபிளுக்குள்ள என்னத்தா நீட்டிக்கிட்டு இருக்கு, பிட்டா?”

எபனேசர் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஜெபஷீலா மடியிலிருந்த பைபிளுக்குள் அந்த வெள்ளைத் தாளின் நுனியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

எபனேசருக்குத் தேனி பஜாரில் பாத்திரக்கடை. ஒரே மகன் விஜய்ராஜ் அமெரிக்காவில், கொலம்பஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஜெபஷீலாவைப் பேசி, நிச்சயத்துக்குத் தேதி குறிக்கப் போடிக்கு வந்திருந்தார்.

ஆனால் தேதிக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு என்று போன வாரமே சொல்லியிருந்தார். மகன் குடியிருக்கும் ஊரைப் பற்றி அவர் கேட்பதற்குப் பதில் தெரியவில்லை என்றால் சம்பந்தம் கிடையாதாம். தையல் மிஷினை மிதித்தே மகளை டீச்சராக்கிய சாராளுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

“கொலம்பஸ்னா சும்மாவா? ஒகையோ மாகாணத்துக்கே தலைநகரு. இங்கன மாதிரி திரும்புன பக்கமெல்லாம் மலை வந்து மறைக்காது. தரை தாம்பாளம் கணக்காச் சமமாக் கெடக்கும். இதெல்லாம் ஒரு ஊருன்னு நீங்களும் இருக்கீகளே!”

இவ்வளவு பேசும் மனுஷன் மேற்கே குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டியதில்லை. அமெரிக்காவை அவர் பார்த்ததெல்லாம் செல்போனில்தான்.

“நீங்களும் ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வரலாம்லண்ணே?” என்றாள் சாராள்.

“மூணு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ‘அந்தக் குளிரு ஒங்களுக்குச் சேராதுப்பா, அடுத்த வருசம் பாப்போம்’ங்கிறான். அப்பன் மேல அம்புட்டுப் பாசம்!”

கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு பரீட்சையை ஆரம்பித்தார். “அங்கன ஓடுற ஆறு என்னன்னு சொல்லு.”

“ரெண்டு ஆறு மாமா. சயோட்டோ, ஒலென்டாஞ்சி. ரெண்டும் ஊருக்குள்ளயே ஒண்ணாச் சேருது.”

“அது ஆறு! ஒங்க ஊரு கொட்டக்குடி ஆத்துல கொக்கு குளிக்கத் தண்ணி இருக்கா?” என்று முகத்தைச் சுளித்தார். “சரி, வரலாறு?”

“ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டுல, தலைநகரம் வேணும்னே காட்ட வெட்டி உண்டாக்குன ஊரு. கொலம்பஸ் பேர வச்சாக. ஆனா அந்த மனுசன் அந்த ஊருல காலே வச்சதில்ல மாமா.”

அவள் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறாளோ என்று எபனேசருக்குச் சுருக்கென்றது.

“வீடு வீடா ஏறி எறங்கி ஓட்டர் லிஸ்ட்டுக்குத் தலை எண்ணுறவளுக்கு இம்புட்டு ஞாபக சக்தியா? பாத்துக்க சாராளு, கவுர்மெண்ட்டு டீச்சர் சம்பளமெல்லாம் எம் மகனுக்குக் காப்பிச் செலவுக்குக் காணாது.”

சாராள் அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

“அண்ணே, ஓலை வாசிக்கணும்னா மாப்பிள்ளை போற சர்ச்சுல இருந்து கடிதம் வேணும்னு எங்க சபை ஐயரு சொன்னாகளே...”

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்கும் வழக்கம் அது. மாப்பிள்ளை வெளியூர் என்றால் அந்த ஊர் சபையின் கடிதம் ஐயர் என்கிற போதகர் கைக்கு வந்தாக வேண்டும்.

“அதான் அந்தச் சர்ச்சோட பேரு, மெயிலு அட்ரஸ் எல்லாத்தையும் நானே ஒங்க ஐயருட்ட எழுதிக் குடுத்தேனே! விஜய்கிட்டக்கூடச் சொல்லல. எம் மகன் யோக்கியதைய வெள்ளக்காரன் வாயாலயே நீங்க கேட்டுக்கோங்க. நான் கிழிச்ச கோட்டத் தாண்டாத பய.”

கடைசிக் கேள்விக்கு எபனேசர் செல்போனை எடுத்து விடையைத் திறந்து வைத்துக்கொண்டார். இதில் தோற்கடித்துவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை.

“ஜனத்தொகை எம்புட்டு? ஏறக்குறையன்னு இழுக்கக் கூடாது. சரியாச் சொல்லணும்.”

சாராள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது.

“ரெண்டாயிரத்து இருவது கணக்குப்படி ஒம்பது லட்சத்து அஞ்சாயிரத்து எழுநூத்தி நாப்பத்தெட்டு.”

எபனேசர் செல்போனை இரண்டு தடவை பார்த்தார். ஒரு எண்கூட மாறவில்லை.

“பாஸ்தான். ஆனா பிட்டு வச்சுப் பாசானவதான நீ? கொண்டா அத” என்று கையை நீட்டினார்.

ஜெபஷீலா பைபிளைத் திறந்து, தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது பிட்டு இல்ல மாமா. கொலம்பஸ் சர்ச்சுல இருந்து வந்த பதிலு. மத்தியானந்தான் ஐயரு என்னையக் கூப்பிட்டுக் குடுத்தாக. அம்மாட்டகூட நான் இன்னும் சொல்லல.”

“அப்படிப் போடு! சாராளு, நீயும் கேளு” என்று எபனேசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தாளிலிருந்த இங்கிலீஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார். “கண்ணாடி கொண்டாரல. எம் மகனப் பத்தி என்ன எழுதிருக்காகன்னு நீயே சத்தமாச் சொல்லு.”

ஜெபஷீலா தாளை வாங்கவில்லை. அதில் இருந்தது அவளுக்கு மனப்பாடம்.

“அந்த ஜனத்தொகையில ஒண்ணக் கூட்டிக்கோங்க மாமா, போன மாசம் ஒங்க பேரனுக்கு அங்கன ஞானஸ்நானம் குடுத்திருக்காக.”