ஒரு சொட்டு அயோடின்

சமையல் மேடையில் மகள் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் அயோடின் சொட்டினாள். கருநீலமானது.

"மாவு இருந்தா இப்படித்தான் நீலமாகும்," என்றாள் டீச்சரான அம்மா.

சர்க்கரையில் விட்டாள், நீலமாகவில்லை. பாலில் விட்டாள், நீலம் பரவியது.

"பால்ல ஏதும்மா மாவு?"

"கெட்டியாத் தெரியறதுக்குக் கலந்திருக்காங்க."

அப்பா பாய்ந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டினார். "ஊர் வம்பு நமக்கெதுக்கு? வெளியில மூச்சு விடக் கூடாது!"

"நாளைக்கு என் வகுப்புல நாப்பது பிள்ளைங்களும் அவங்கவங்க வீட்டுப் பாலைக் கொண்டு வர்றாங்க. இதே சோதனைதான்," என்றாள் அம்மா.

"பைத்தியமா உனக்கு? அத்தனை பேரும் நம்ம கடையிலதானே பால் வாங்கறாங்க!"

"தெரியும். அதான் இன்னைக்கே சொல்றேன். காலையில நல்ல பாலா ஊத்துங்க. இல்லேன்னா, யார் கேட்டாலும் நான் பொய் சொல்ல மாட்டேன்."