கை ஆட்டுகிற வேலை

"வீடியோ ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கோம். அதுல நின்னு கையை ஆட்டினா போதும்மா. காது கேளாதவங்களுக்கும் நம்ம இணையதளம் ரெடின்னு மேலிடத்துல சொல்லிடுவேன்," என்றார் நலத்துறை இயக்குநர்.

சைகை மொழியில் விளக்கம் சொல்ல வந்தவள் நகரவில்லை. "சார், உதவித்தொகை விண்ணப்பத்தை முடிக்கணும்னா உங்க ஆபீஸ்ல இருந்து வர்ற போனை எடுத்துப் பேசணும்னு வச்சிருக்கீங்க. காது கேக்காத எங்க அண்ணன் எப்படிப் பேசுவான்? மெசேஜ்ல கேட்டா என்ன?"

"வீட்டுல யாரையாவது பேசச் சொல்லுங்க. உங்க வேலை கை ஆட்டுறது. அதை மட்டும் பாருங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேமரா முன் நின்றாள். கைகள் பறந்தன. இயக்குநருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனாலும் வாயெல்லாம் பல்.

"அடடா, டான்ஸ் மாதிரியே இருக்கு! இன்னைக்கே ஏத்திடுங்கப்பா."

அடுத்த திங்கட்கிழமை அவரால் தன் அறைக்குள் நுழைய முடியவில்லை. வாசல், மாடிப்படி, வராந்தா எங்கும் ஆட்கள். அத்தனை கூட்டத்திலும் சத்தமே இல்லை. கைகள் மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தன. நடுவில் அவளும் அவள் அண்ணனும்.

"இவங்களையெல்லாம் யாரு வரச் சொன்னது?" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவளைத் தவிர ஒருவரும் திரும்பவில்லை.

"நீங்கதான் சார். 'போன்ல பேசச் சொல்றதை இவங்க நிறுத்துற வரைக்கும் விடக் கூடாது, திங்கட்கிழமை எல்லாரும் நேர்ல வாங்க'ன்னு உங்க இணையதளம் ஒரு வாரமா கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கே!"