பூத்திருடி

“கை ஏன் ஈரமா இருக்கு?”

மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த, அதே கட்டடத்தில் குடியிருக்கும் நர்ஸைப் படியிலேயே மறித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி. மாடியில் அவள் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் அல்லித் தொட்டியில், நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்த பூவை இன்று காணோம். இப்படிக் காணாமல் போவது இது முதல் தடவையும் அல்ல.

“துணி காயப் போட்டேன்க்கா.”

“நீ துணி காயப் போடுற அன்னிக்கெல்லாம் என் பூவுக்குக் கால் முளைச்சிடுதா?”

அவள் குரலுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ‘பூத்திருடி’ என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. நர்ஸ் படியேறும் சத்தம் கேட்டால், வெளியே கிடந்த செருப்புகள்கூட உள்ளே போயின. நமக்கு எதற்கு வம்பு என்று வீட்டுக்காரரும் அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

நர்ஸ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “மடியில கனம், அதான் வாய் திறக்கல” என்று தையல்காரி தன் புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீர் நாற்றமெடுத்தது. பாசியை ஒதுக்கிவிட்டு, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள் தையல்காரி. உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

இழுத்துப் பார்த்தால், பூ! இதழ் மூடி, தண்டு வளைந்து, அடியில் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. பூத்து முடிந்ததும் அல்லி தன் தலையைத் தானே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் காய்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தண்டில்தான் தலை இல்லை. அழுகி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே இல்லை, பழியை மட்டும் தூக்கிப் போட்டாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கையைக்கூடத் துடைக்காமல் கீழே ஓடினாள். நர்ஸ் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி உள்ளே போகவில்லை. கத்திய அதே படியில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

“இந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. பூவெல்லாம் தொட்டிக்குள்ளயேதான் கிடக்கு. நான்தான் புத்தி கெட்டுப்போய்க் கத்திட்டேன்.”

நர்ஸ் எழுந்து வந்து அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“மன்னிச்சிடும்மா. வீட்டுக்காரர்கிட்ட நானே பேசுறேன். நீ எங்கயும் போக வேணாம்.” தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு தடவை என் முகத்தப் பாரேன்.”

நர்ஸ் தலை நிமிரவே இல்லை.

“பார்க்க முடியலக்கா. திருடின்னு பேருதான் வந்தாச்சே, பூவாவது கையில இருக்கட்டும்னு நேத்து ஒண்ணு பறிச்சிட்டேன்.”